இந்த வாட்டி யார் முகம்?

கமலவேணி இஸ்திரிப் பெட்டியில் கரியை ஊதி ஊதிச் சூடேற்றிக்கொண்டிருந்தாள். மேசைமேல் விரித்துக் கிடந்தது கொழுந்தன் பொன்னுதுரையின் வெள்ளைச் சட்டை. புதுச் சட்டை. கழுத்துப் பட்டையைத் தேய்த்தாள், திருப்பிப் பார்த்தாள், மறுபடியும் தேய்த்தாள்.

அவள் புருஷன் கலியாணசுந்தரம் கோப்பிக் குவளையைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்திருந்தான். கல்யாணமான நாள்முதல் தன் சட்டைக் கழுத்துக்கு இப்படி ஒரு மரியாதை நடந்ததாக அவனுக்கு ஞாபகம் இல்லை.

“அந்தக் கழுத்து இன்னும் என்னா பாவம் பண்ணிச்சு? விட்டுடு லா.”

“மேடையில நிக்கப்போற சட்டைங்க. தங்க மெடல் குத்துறப்ப கசங்கிக் கெடந்தா நல்லாவா இருக்கும்?”

“நான் மேடைக்குப் பின்னால நிக்கிறவன். எனக்குக் கசங்கினதே போதும்.”

சொல்ல வேண்டியதை விழுங்கும்போது கமலவேணிக்கு உதடு ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும். இழுத்துக்கொண்டது.

மலாக்காவின் காஜா பேராங்கில் யாரைக் கேட்டாலும் இந்த வீட்டைக் காட்டிவிடுவார்கள். முன்பும் காட்டினார்கள். ஆனால் அப்போது ‘சீன் சுந்தரம் வீடு’ என்று காட்டினார்கள். பகலெல்லாம் பஸ் கம்பெனிப் பட்டறையில் பஸ்ஸுக்குச் சாயம் அடித்துவிட்டு, அந்தியில் நாடக மேடைகளுக்குப் பின்னால் தொங்கும் படுதா எழுதி, மலாக்காவிலிருந்து மூவார் வரைக்கும் பேர் வாங்கினவன் அவன். பொன்னுதுரை யாரென்று கேட்டால், ‘நம்ம சீன் சுந்தரத்தோட தம்பி’ என்பார்கள்.

இப்போது அது தலைகீழாகிவிட்டது. போன மாதம் பசாரில் மீன் வாங்கும்போது ஓர் ஆள் பக்கத்து ஆளிடம் சொன்னது சுந்தரத்தின் காதில் விழுந்தது. “இவருதான் பத்திரிகைக்காரர் பொன்னுதுரையோட அண்ணன்.” வாங்கிய மீனைக் கடையிலேயே விட்டுவிட்டு வீடு வந்து சேர்ந்தான்.

எல்லாம் அந்தக் கட்டுரைகளால் வந்த வினை. புக்கிட் காதிலுக்கு அப்பால் இருக்கும் கல்மலையில் வெடி வைத்தபோது குப்பம்மா என்கிற பெண் செத்துப்போனாள். குத்தகைக்காரர் ராஜரத்தினம் அவளைக் கல்லுக்கு அடியிலேயே விட்டுவிட்டு, ‘அவ ஊருக்குக் கப்பலேறிட்டா’ என்று கதை கட்டிவிட்டார். பொன்னுதுரை கப்பல் ஆபீசிலும் துறைமுகத்திலும் மலையடிவாரத்திலும் நாயாக அலைந்து விசாரித்தான். அவள் கப்பலேறவே இல்லை என்று ‘கீழ்த்திசைச் சுடர்’ பத்திரிகையில் வாராவாரம் எழுதினான். அவன் பேர் குறிப்பிடாவிட்டாலும் எந்த மலை, எந்தக் குத்தகைக்காரர் என்பது மலாக்காவில் எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று. மெர்டேக்கா என்று சுதந்திரம் வந்து ஒரு வருஷம்கூட நிறையவில்லை. புது சர்க்கார் விசாரணைக்கு ஆள் போட்டுவிட்டது. அடுத்த மாதம் விசாரணை.

குப்பம்மா செத்ததைக் கிட்டத்திலிருந்து பார்த்தவள் ஒருத்தி இருக்கிறாள். வீராயி. இன்றைக்கும் அதே மலையில் கல்லுடைக்கிறாள், ராஜரத்தினத்தின் கூலிக்காரர் வரிசை வீடான லயத்திலேயே குடியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கீரைக் கட்டு விற்கிற சாக்கில் இந்த வீட்டுப் பின்வாசலுக்கு வந்து, அடுப்படியில் குந்தி, கண்டதையெல்லாம் சொன்னவள் அவள்தான். கட்டுரையில் அவளுக்குப் பேர் இல்லை, ‘கண்ணால் பார்த்தவர்’ மட்டும்தான். விசாரணையன்று அவளே வந்து நின்று வாய் திறக்கும்வரை அவள் யாரென்று வெளியே தெரியக்கூடாது. தெரிந்தால் குப்பம்மா ஏறிய கப்பலில் அவளையும் ஏற்றிவிடுவார்கள். பொன்னுதுரை சூடம் ஏற்றி வைத்து அண்ணனையும் அண்ணியையும் அணைக்கச் சொல்லி சத்தியம் வாங்கியிருந்தான்.

இன்றைக்குச் சாயங்காலம் அந்தப் பொன்னுதுரைக்குத்தான் மண்டபத்தில் விழா எடுத்துத் தங்கப் பதக்கம்.

குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தான் பொன்னுதுரை.

“அண்ணே, பசியாறிட்டியா? படுதா முடிஞ்சிடுச்சா?”

“முடிஞ்சிருச்சு.”

“நான் பாக்கவே இல்ல. மண்டபத்துப் பக்கம் வந்தா விடமாட்டேங்கிற.”

“மாப்பிள்ளை முன்னாடியே பாக்கப்படாது.”

பொன்னுதுரை சிரித்தான். சிரித்துவிட்டுச் சட்டைப் பையிலிருந்து விழா நோட்டீசை எடுத்து நீட்டினான். சுந்தரம் வாங்கி மேலிருந்து கீழ்வரை பார்த்தான். சிங்கப்பூரிலிருந்து வரும் ஆராய்ச்சியாளர் மாணிக்கவாசகம் ‘கடல் தாண்டி வந்தவர்களின் பாட்டுகள்’ பற்றிப் பேசுவார். ஓவியர் கணேசமூர்த்தி ‘ஓவியமும் வாழ்க்கையும்’ பற்றிப் பேசுவார். ஒலிபெருக்கி போடுகிற கடையின் பேர் இருந்தது. தண்ணீர்ப் பந்தல் வைக்கிறவரின் பேர் இருந்தது.

படுதா எழுதினவன் பேர் இல்லை.

“அச்சுக்காரன் விட்டுட்டான் அண்ணே. நான் சொல்லித்தான் அனுப்பினேன்.”

“பரவால்ல லா. சீலையில சாயம் பூசுனவன் பேரை யாரு தேடுறா?”

“உனக்கு ரெண்டாவது வரிசையில நாற்காலி போடச் சொல்லியிருக்கேன்.”

“எனக்கா? ரெண்டாவதா?” என்றான் சுந்தரம். “ரொம்பப் பெரிய மனசு.”

இஸ்திரிப் பெட்டி மேசைமேல் சற்று ஓங்கியே இறங்கியது.

---

மண்டபத்தில் கபீர் காக்கா ஏணிக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். சாயப்பொடிக் கடைக்காரர். சுந்தரத்தின் மஞ்சளும் காவியும் நீலமும் அவர் கடை டப்பாவிலிருந்துதான் வரும்.

“தம்பி, இந்த வாட்டி யாரு மூஞ்சி? என் காதுல மட்டும் சொல்லு.”

“சாயங்காலம் நீங்களே கண்டுபிடிங்க காக்கா.”

இது காஜா பேராங்கில் பல வருஷத்து விளையாட்டு. சுந்தரம் எந்தப் படுதா எழுதினாலும் அதில் ஊர்க்காரர் ஒருவரின் முகத்தை ஒளித்து வைத்துவிடுவான். திரை விலகியதும் சனங்கள் நாடகத்தைக் கவனிக்காமல் முகத்தைத் தேடும். போன திருவிழாவில் எமன் வாசலில் காவல் நின்றது கபீர் காக்காவேதான். அதற்கு முந்தின நாடகத்தில் கம்போங் செட்டி அப்பாசாமியை முனிவராக்கிவிட்டான். தலைமுறையாக மலாய் பேசும் மலாக்காச் செட்டியான அந்த மனிதருக்குத் தமிழ் வராது. ‘இத்து சாயா!’ என்று மலாயிலேயே கூவி, அது தான்தான் என்று பெஞ்சில் ஏறி நின்று காட்டினார்.

“நீ மூஞ்சி வெக்காத படுதா உப்பில்லாத கறி மாதிரி தம்பி,” என்று சொல்லிவிட்டுக் காக்கா கடைக்குப் போனார்.

சுந்தரம் தனியே நின்று தன் படுதாவைப் பார்த்தான்.

கல்மலையை எழுதியிருந்தான். பின்னால் பிளந்த பாறை. கீழே வரிசையாகக் குந்திக் கல்லுடைக்கும் பெண்கள். எல்லாருக்கும் தலைத்துணி, எல்லாரும் குனிந்த முகம். ஒருத்தி மட்டும் நிமிர்ந்திருந்தாள். ஓங்கிய சுத்தியல் அப்படியே நிற்க, இப்போதுதான் எதையோ பார்த்துவிட்டவள் மாதிரி நேரே பார்த்தாள். இடது கண்ணில் கல் தெறித்து விழுந்த வெள்ளைப் பூ.

அந்தக் கண்களுக்கு அவன் பொடிச்சாயம் போடவில்லை. பட்டறையிலிருந்து பஸ்ஸுக்கு அடிக்கிற எண்ணெய்ச் சாயத்தைக் கொட்டாங்கச்சியில் கொண்டுவந்து போட்டிருந்தான். பொடிச்சாயம் விளக்கில் மங்கிப்போகும். பஸ் சாயம் மின்னும். சீலை முழுவதும் மண்ணாய்க் கிடக்க அந்த இரண்டு கண்ணும் ஈரமாய் உயிரோடு இருந்தன.

வரைகிறபோது அவனுக்குத் தெரியாமல் இல்லை. இது வெறும் முகம், ஏழைப் பெண்ணின் முகம், யாருக்குத் தெரியப்போகிறது என்று வாய் சொன்னது. உள்ளே வேறொன்று அரித்தது. ஞாயிற்றுக்கிழமை அடுப்படியில் வீராயி சொன்னதைத் தம்பி காதால் கேட்டான். அடுப்பு வெளிச்சத்தில் அவள் முகம் போன போக்கைச் சுந்தரம் கண்ணால் பார்த்தான். கேட்டவனுக்கு மெடல். பார்த்தவனுக்கு?

அந்தக் கேள்விதான் தூரிகையைப் பிடித்து இழுத்தது.

---

மத்தியானம் கமலவேணி தூக்குச்சட்டியில் சோறு கொண்டுவந்தாள். படியேறி வந்தவள் மேடை ஓரத்தில் நின்றாள். தூக்குச்சட்டி கையிலேயே இருந்தது.

“இது நம்ம கீரைக்காரி.”

சுந்தரம் கை கழுவிக்கொண்டிருந்தான்.

“உங்களத்தான் கேக்கிறேன். இது வீராயி மூஞ்சிதானே?”

“அந்த மாதிரி ஒரு பொம்பள.”

“அந்த மாதிரி கண்ணுல பூ விழுந்த பொம்பள இந்த மலாக்காவுல எத்தன பேரு? சனங்க வந்ததும் மொத வேலையா மூஞ்சி தேடுங்க. அந்த ராஜரத்தினம் முன்வரிசையில உக்காரப்போறான். விளக்கு, நாற்காலி எல்லாம் அவன் குடுத்த நன்கொடை. ‘என் பேரையா போட்டிருக்கு, நான் ஏன் வராம இருக்கணும்’னு சொல்லிக்கிட்டுத் திரியிறான். லயத்து ஆளுங்களயும் லாரியில ஏத்திக்கிட்டு வரானாம். அவளும் வருவா. படத்துல ஒருத்தி, கீழ ஒருத்தி. பொருத்திப் பாக்க எவ்வளவு நேரம் ஆகும்?”

“கத்தாத. எலெக்ட்ரிக்காரன் இருக்கான்.”

“சூடத்த அணச்சுச் சத்தியம் பண்ணினீங்க.”

“வாயத் தொறந்து சொன்னேனா? சொல்லமாட்டேன்னுதானே சத்தியம்?”

தன் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு அவனுக்கே கூசியது. கமலவேணி தூக்குச்சட்டியைத் தரையில் வைத்தாள்.

“நான் ஒண்ணு கேக்கட்டுமா? தம்பி மேல உள்ள காந்தலுக்கு அந்தப் பொம்பள தலதான் கெடச்சுதா?”

“எனக்கு என்னாடி காந்தல்? நீ அவன் எழுதினத வெட்டி வெட்டி அலமாரிக் கதவுல ஒட்டி வச்சிருக்கியே, என் படுதாவுல ஒரு துணுக்காவது கிழிச்சு வச்சிருக்கியா?”

“படுதாவ எப்பிடிங்க அலமாரியில ஒட்டறது?”

சண்டைக்கு நடுவில் அவளுக்கே சிரிப்பு வந்து, வந்த வேகத்தில் போய்விட்டது.

அந்த நேரம் பார்த்துத்தான் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. கதர் ஜிப்பாவும் மூக்குக் கண்ணாடியுமாக ஒருவர் உள்ளே வந்தார். சாயங்காலம் பேசப்போகும் ஓவியர் கணேசமூர்த்தி. மண்டபத்தைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தவர், மேடையைப் பார்த்ததும் நின்றுவிட்டார். நடந்து பக்கத்தில் போனார். பின்னால் வந்தார். மறுபடி பக்கத்தில் போனார்.

“யார் எழுதினது இது?”

சுந்தரம் ஓர் அடி முன்னால் வந்தான். “நான்தாங்க.”

“எங்கே படிச்சீங்க?”

“படிக்கலீங்க. பஸ்ஸுக்குச் சாயம் அடிக்கிறேன்.”

கணேசமூர்த்தி அந்த நிமிர்ந்த முகத்தின் முன்னால் குந்தி உட்கார்ந்தார். ஜிப்பா அழுக்காவதைப் பார்க்கவில்லை.

“மத்ததெல்லாம் விடுங்க. மலை, பாறை எல்லாம் நாடகக்காரங்க சாமான். இந்த முகம் அப்படி இல்ல. நானும் இந்த நாட்டுல வருஷக்கணக்கா வரையறேன், இப்படி ஒரு முகம் எனக்கு வாய்ச்சதில்ல.” எழுந்தார். “இன்னைக்கு நான் எழுதிக் கொண்டுவந்த பேச்ச மூட்டை கட்டிட்டேன். இந்த முகத்தப் பத்தித்தான் பேசப்போறேன். உங்களையும் மேடைக்குக் கூப்பிடுவேன், வரணும்.”

அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். சுந்தரத்தின் கையில் இருந்த காவி அவர் கையில் ஒட்டிக்கொண்டது. அதைத் துடைக்காமலே போனார்.

சுந்தரம் அசையவில்லை. இத்தனை வருஷமாக எந்த வாயிலிருந்து வரவேண்டும் என்று காத்திருந்தானோ, அந்த வாயிலிருந்தே வந்துவிட்டது. சொந்தக்காரன் சொல்லவில்லை. ஊர்க்காரன் சொல்லவில்லை. விஷயம் தெரிந்தவன் சொன்னான். தம்பிக்கு மெடல் குத்துகிற அதே மேடையில்!

அவன் மெதுவாகத் திரும்பிக் கமலவேணியைப் பார்த்தான்.

அவள் கண் கலங்கியிருந்தது.

“அவரு சொன்னது எனக்கும் சந்தோஷமாத்தாங்க இருந்துச்சு. பொய் சொல்லல.” முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். “நாளைக்கு ஞாயித்துக்கிழமை.”

“அதுக்கு?”

“கீரை யாருகிட்ட வாங்குறது?”

சுந்தரம் தரையைப் பார்த்தான்.

“வச்சிரப் பசைய அடுப்புல வை,” என்றான்.

படுதாவையே கழற்றிச் சுருட்டியிருக்கலாம். சட்டத்தில் ஆணி அடித்துக் கட்டிய சீலை, ஆனாலும் கழற்றியிருக்கலாம். வெறும் சுவர் முன்னால் தம்பிக்கு மெடல் குத்தியிருப்பார்கள், ஒன்றும் குடிமுழுகியிருக்காது. ஆனால் அந்த மலையையும் பாறையையுமாவது ஊர் பார்க்கட்டுமே என்று அவனுக்கு ஓர் ஆசை. முகத்தை மட்டும் மறைத்தால் போதும் என்று நினைத்தான்.

கமலவேணி வச்சிரப் பசையைக் காய்ச்சிக் கலக்கிக் கொடுத்தாள். அவன் காவியும் கரியும் கலந்து, நிமிர்ந்தவளின் தலைத்துணியை நெற்றியிலிருந்து கீழே இழுத்துக்கொண்டே வந்தான். நெற்றி போயிற்று. மூக்கு போயிற்று. கண்களுக்கு வந்தபோது கை நின்றது.

“பாக்காம அடிச்சுடுங்க,” என்றாள் கமலவேணி.

பார்த்துக்கொண்டேதான் அடித்தான். பஸ் சாயத்தின் மேல் பொடிச்சாயம் வழுக்கியது. பசையைக் கெட்டியாக்கி மேலும் ஒரு பூச்சுப் பூசினான். நின்றது. இப்போது அங்கே முக்காடு போட்ட ஒருத்தி இருந்தாள். அவள் எதையும் பார்க்கவில்லை.

---

சாயங்காலம் மண்டபத்தில் எள் போட இடமில்லை. ராஜரத்தினம் கொடுத்த பெரிய பல்புகள் மேடையைச் சுற்றி எரிந்தன. பக்கத்தில் போனால் அனல் அடித்தது. அவர் முன்வரிசையில் நடுநாயகமாக, சந்தனம் வைத்த நெற்றியும் தங்கக் கைக்கடிகாரமுமாக உட்கார்ந்திருந்தார். பின்னால் பெண்கள் பக்கம் லயத்துப் பெண்கள் ஒரு கொத்தாக இருந்தார்கள். அதில் வீராயியும் இருந்தாள். கமலவேணி பார்த்தும் பார்க்காத மாதிரி அவளுக்கு முன்வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

சனங்கள் கழுத்தை நீட்டி முகம் தேடின. “இந்த வாட்டி யாரு லா? ஒண்ணும் ஆப்புடலயே.” “பாறையில தெரியுது பாரு, அது பஸ் கம்பெனியில கணக்கெழுதுற கிராணி.” “போடா, அது பாறை.”

ஆராய்ச்சியாளர் மாணிக்கவாசகம் கப்பல் பாட்டுகளைப் பற்றிப் பேசினார். இடையிடையே பாடிக் காட்டினார். குரல் சுமார்தான், ஆனால் வயசானவர்கள் சிலர் கூடவே முணுமுணுத்தார்கள். அடுத்து கணேசமூர்த்தி எழுந்தார். மைக்கைப் பிடித்துக்கொண்டு, முகம் மலரத் திரும்பிப் படுதாவைப் பார்த்தார்.

மலர்ந்த முகம் வாடிப்போயிற்று.

“மத்தியானம் நான் வந்தப்போ இங்க ஒரு முகம் இருந்திச்சு,” என்றார். மண்டபம் அடங்கியது. “அதப் பத்தித்தான் பேசணும்னு வந்தேன். இப்ப முக்காடு போட்டு மூடியிருக்கு. வரைஞ்சவரே அழிச்சிருக்காரு. ஏன்னு எனக்குப் புரியல. தன் புள்ளயத் தானே கழுத்த நெரிச்ச மாதிரி இருக்கு.”

அப்புறம் அவர் பேசியது எதுவும் சுந்தரத்தின் காதில் ஏறவில்லை. இரண்டாவது வரிசை நாற்காலியில் கல்லாக உட்கார்ந்திருந்தான். ‘இருந்திச்சாம், அழிச்சிட்டானாம்’ என்று கூட்டத்தில் ஓடிய முணுமுணுப்பு மட்டும் ஏறியது. முன்னால் ராஜரத்தினத்தின் கழுத்து மெதுவாக நிமிர்வதைப் பார்த்தான்.

பதக்கம் குத்தும் நேரம் வந்தது. பொன்னுதுரை எழுந்து நின்றான். கைதட்டல் கூரையை இடித்தது. அந்த வெள்ளைக் கழுத்துப் பட்டையில் ஒரு சுருக்கம் இல்லை. சுந்தரத்துக்குப் பழைய காந்தல் மறுபடி மூண்டது. என் முகம் போச்சு, அவன் முகம் ஜொலிக்குது.

அப்போதுதான் பார்த்தான்.

முக்காட்டுக்காரியிடமிருந்து ஏதோ உதிர்ந்தது. பொடி. பல்புகளின் அனலில் வச்சிரம் காய்ந்து, பஸ் சாயத்தின் வழுவழுப்பில் பிடிமானம் இல்லாமல், செதில் செதிலாகப் பெயர்ந்துகொண்டிருந்தது. மற்ற இடமெல்லாம் அப்படியே இருக்க, அந்த இடம் மட்டும் வெடித்தது. முதலில் ஒரு கண்ணின் ஓரம் தெரிந்தது. அப்புறம் வெள்ளையாக ஒரு புள்ளி.

பூ விழுந்த கண்.

சுந்தரம் எப்படி எழுந்தான், எப்படிப் படியேறினான் என்று அவனுக்கே தெரியாது. பதக்கத்தைக் கையில் எடுத்த விழாத் தலைவரைத் தாண்டி, தம்பியைத் தாண்டி, நேரே போய்ப் படுதாவுக்கு முதுகைக் கொடுத்து நின்றான். குந்தியிருந்த அந்தப் பெண்ணின் முகம் அவன் நெஞ்சு உயரம். முதுகால் மறைத்துக்கொண்டான்.

கூட்டம் ஒரு விநாடி வாய் பிளந்தது. பிறகு சிரிப்பு.

“தம்பிக்கு மெடலுன்னா அண்ணனுக்கும் ஒண்ணு குடுங்கடா!”

“போட்டோவுல விழணும்னு வந்துட்டாரு லா!”

பொன்னுதுரை திரும்பினான். முகமெல்லாம் ரத்தம் ஏறியிருந்தது. உதடு அசையாமல் பேசினான். “இன்னைக்குக்கூடவா அண்ணே? ஒரு நாளாச்சும் என்னை விடக்கூடாதா?”

தம்பிக்குப் பின்னால் நடப்பது தெரியாது. சுந்தரத்தால் சொல்லவும் முடியாது. மைக் பக்கத்திலேயே இருந்தது.

“நீ மெடல வாங்கு,” என்றான் சுந்தரம். “நான் இங்கதான் நிப்பேன்.”

பதக்கம் குத்தினார்கள். கைதட்டல் வந்தது, ஆனால் பாதிக் கைதட்டல். கோணல் சிரிப்பு கலந்த கைதட்டல். தம்பியின் கண் நிறைந்து நின்றதைச் சுந்தரம் பார்த்தான். அது சந்தோஷத்தால் நிறைந்தது இல்லை.

ராஜரத்தினம் மாலையோடு மேடையேறினார். நன்கொடை கொடுத்தவர், அவர் போடவேண்டிய மாலை. பொன்னுதுரைக்குப் போட்டுவிட்டு, சிரித்த முகமாகவே சுந்தரத்தின் பக்கம் வந்தார்.

“என்னா சுந்தரம், இந்த வாட்டி மூஞ்சி உன் முதுகுக்குப் பின்னாலதான் இருக்குன்னு தெரியுது. நகரு, பாத்துடுவோம்.”

ஒலிபெருக்கியில் அது மண்டபம் முழுக்கக் கேட்டது. சனங்களுக்கு உற்சாகம் பொங்கிவிட்டது. பல வருஷத்து விளையாட்டு அல்லவா! கபீர் காக்காவே முதலில் கைதட்டினார். “நகரு! நகரு!” என்று தாளம் போட்டுக் கத்தியது கூட்டம்.

சுந்தரத்தின் முதுகில் வேர்வை வழிந்தது. சட்டை சீலையோடு ஒட்டியது. ஒவ்வொரு செதிலும் உதிர்வது அவனுக்கு முதுகால் தெரிந்தது.

கையை உயர்த்தினான். கூட்டம் அடங்கியது.

“மூஞ்சி பின்னால இல்ல,” என்றான். தொண்டையைச் செருமினான். “முன்னாலதான் இருக்கு. இந்த வாட்டி மூஞ்சி என்னோடதுதான். தம்பி மெடல் வாங்குறதப் பாத்து வயிறெரியிற அண்ணன் மூஞ்சி. நல்லாப் பாத்துக்குங்க.”

சிரிப்பு வெடித்தது. சீட்டி பறந்தது. எவனோ செருப்பைத் தூக்கிக் காட்டினான். பொன்னுதுரை தலையைக் குனிந்துகொண்டான், மெடல் மார்பில் தொங்கியது. கணேசமூர்த்தி மட்டும் சிரிக்காமல் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனைப் பார்த்தார்.

சுந்தரம் சொன்னதில் ஒரு சொல் பொய் இல்லை. அதனால்தான் எல்லாரும் நம்பினார்கள்.

ஒருவரைத் தவிர.

ராஜரத்தினம் கீழே இறங்கினார். தன் நடு நாற்காலிக்குப் போகவில்லை. ஓரத்து நாற்காலியில் இருந்தவரை எழுப்பிவிட்டு அங்கே உட்கார்ந்தார். அங்கிருந்து பார்த்தால் சுந்தரத்தின் தோளுக்கும் சீலைக்கும் நடுவில் ஒரு கை அகலம் தெரியும். அந்த இடத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். சிரிப்பு முகத்திலிருந்து இறங்கியது. பிறகு, யாரையோ தேடுகிறவர் மாதிரி, மெதுவாகப் பெண்கள் பக்கம் திரும்பினார்.

அங்கே கமலவேணி எழுந்து நின்றிருந்தாள். முந்தானையை அகலமாக விரித்து விசிறிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் இருப்பது யார் என்று முன்னாலிருந்து தெரியவில்லை.

“ஏய், மறைக்காத லா! உக்காரும்மா!” என்று பின்வரிசையில் கத்தினார்கள்.

அவள் உட்காரவில்லை.